முப்பத்தோராவது வீச்சு

வெள்ளவத்தை,
கொழும்பு.
4.2.1973

அன்பின் மச்சான் ஆழ்வாப்பிள்ளைக்கு,

நான் சுகம். நீரும் தங்கச்சி யோகம்மாவும் அப்படியே இருப்பதாக எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தைப்பொங்கல் முடிந்து மூன்று கிழமையாகிறது. உம்மிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லாதபடியால் இந்த வருடமும் நானே தொடங்குகிறேன். கோயில் ஆனிப் பொங்கல் சிலம்படிக்கான முதல் பன்னிரண்டு வீச்சும் தனித்தாளில் இருக்கின்றன. யார் எங்கே வீசுவது, மற்றவர் எப்படித் தடுப்பது, எந்தக் கால் பின்னுக்குப் போவது எல்லாம் வழமைபோல எழுதியிருக்கிறேன். பதின்மூன்றிலிருந்து இருபத்துநான்குவரை நீர் எழுதி அனுப்பும். மிச்சம் நாற்பத்தெட்டுவரை என்னுடைய பொறுப்பு. போன வருடம் இருபத்திரண்டாவதில் நீர் பக்கம் மாறி விலகியதால் நான் பந்தற்காலுக்கு அடிக்கவேண்டி வந்தது. சனம் அதை ஆவேசம் என்று எடுத்துக்கொண்டது. எல்லா வருடமும் அப்படி எடுக்காது.

எனக்கு இங்கே பழகுவதற்கு உள்ளது ஒரு குடை. காலையில் கந்தோருக்குப் போகமுன் கடற்கரையில் அதை வீசுகிறேன். நேற்று ஒரு கனவான் நின்று பார்த்துவிட்டு, மழை அறிகுறி ஒன்றும் இல்லையே என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். அறைக்குள் பழகலாமென்றால், கூட இருக்கும் பத்திநாதர் மின்குமிழ் உடைந்த நாளிலிருந்து எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கடிதங்களை மனப்பாடம் செய்ததும் அடுப்பில் போடும். யோகம்மா அவற்றை அலுமாரியில் சேலைக்கடியில் வைத்திருப்பதாகப் போன தடவை அவள் வாயாலேயே சொன்னாள். அவை கோயில் மணியம் முருகேசர் கையில் அகப்பட்டால், பதினொரு வருடமாக இரண்டு ஊரும் மூச்சை அடக்கிப் பார்த்த சண்டை தபாலில் நடந்தது என்பது வெளியே வந்துவிடும். பிறகு சரவணையில் நீரும் புளியங்கூடலில் நானும் தலைகாட்ட ஏலாது.

உமது பன்னிரண்டையும் எதிர்பார்த்திருக்கும்,
கதிர்காமு


சரவணை.
25.2.1973

அன்பின் மச்சான் கதிர்காமுவுக்கு,

உமது கடிதமும் பன்னிரண்டு வீச்சும் வந்தன. இங்கே வெங்காயம் நல்ல விளைச்சல். வெளிநாட்டு வெங்காயத்தை அரசாங்கம் நிறுத்திய நாளிலிருந்து உள்ளூர் வெங்காயத்துக்கு மரியாதை வந்திருக்கிறது. அதில் கொஞ்சம் அதை விளைவித்த கமக்காரன் மேலும் ஒட்டியிருக்கிறது.

ஒரு செய்தி. இந்த மாதத் தொடக்கத்திலிருந்து நான் ஊர்காவற்றுறைக்குப் போய் ஜூடோ பழகுகிறேன். அது யப்பான்காரரின் மல்யுத்தம். சொல்லித் தருகிறவர் சில்வெஸ்ரர், என் வயதுக்காரர். கப்பலில் எட்டு வருடம் எண்ணெய் போடுகிற வேலை பார்த்துவிட்டு இப்போது கடற்தொழிலுக்குத் திரும்பியிருக்கிறார். கப்பல் பழுதாகி யப்பானில் ஏழு மாதம் கட்டிக்கிடந்தபோது, மற்ற மாலுமிகள் பழகியதைப் பழகாமல் இதைப் பழகினாராம். கறுப்புக்கு முந்திய மண்ணிற இடுப்புப் பட்டிவரை வாங்கியவர். அந்தப் பட்டியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். அவருடைய மனைவி ஜசிந்தா அதனால் தொட்டில் கட்டியிருக்கிறார். பிள்ளை எழும்பட்டும் என்றார்.

ஏன் என்று கேட்பீர். நான் கம்பு பிடித்து இருபது வருடம். அதில் பதினொரு வருடம், எங்கே அடிக்கப்போகிறேன் என்பதை நான்கு மாதம் முந்தியே தபாலில் அறிவிக்கிற ஒருவருடன் மோதியிருக்கிறேன். உலகத்தில் வேறொருவருக்கும் இப்படி ஒரு எதிராளி வாய்த்திராது. ஆனால் மார்கழியில் ஒரு நாள் பக்கத்து வளவு நாம்பன் மாடு படலைக்குள்ளே புகுந்து என்னை முட்ட வந்தது. கையில் கம்பு இருந்தது. அது எந்தப் பக்கத்தால் வரும் என்று யாராவது எழுதி அனுப்புவார்கள் என்பதுபோல நான் நின்றேன். யோகம்மாதான் குசினியிலிருந்து விளக்குமாற்றோடு வந்து அதைத் திருப்பினாள். அன்று முழுக்க என்னோடு ஒன்றும் பறையவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கம்பை விடப்போவதில்லை. காலையில் கம்பு, செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் ஜூடோ. இதுவரை விழ மட்டும்தான் பழக்குகிறார். நாடியை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு பின்பக்கம் விழவேண்டும். விழும்போது உள்ளங்கையால் மண்ணை ஓங்கி அடிக்கவேண்டும். கேட்க இலேசு. இருபது வருடமாக விழாமலிருக்கப் பழகிய உடம்பு இதைக் கேட்க மறுக்கிறது. மூன்று கிழமையாகப் பார்த்துவிட்டுச் சில்வெஸ்ரர் சொன்னார்: "நீர் விழுறீரோ, இல்லாட்டி இருக்கிறதுக்கு இடம் பாக்கிறீரோ?"

பதின்மூன்றிலிருந்து இருபத்துநான்குவரை இத்துடன். பதினெட்டாவதைக் கவனியும். அதில் நான் விலகவில்லை, உள்ளே வருகிறேன்.

இப்படிக்கு, முதுகு நோவுடன்,
ஆழ்வாப்பிள்ளை


வெள்ளவத்தை.
11.3.1973

அன்பின் மச்சான்,

உமது 25ஆந் திகதிக் கடிதத்தைக் கந்தோரில் இரண்டு தரம் வாசித்தேன். பகிடி என்று நினைத்து மூன்றாந் தரமும் வாசித்தேன்.

பதினெட்டாவதை ஏற்க ஏலாது. நான் தலைக்கு வீசும்போது நீர் உள்ளே வந்தால் என் கம்பு உமது பிடரியில் விழும். பதினெட்டைப் பழையபடி திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உமக்கு ஞாபகமூட்டக் கூடாத விஷயங்களை ஞாபகமூட்டவேண்டியிருக்கிறது. எங்கள் கோயில் வழக்கத்தில், முதுகு மண்ணில் பட்டவன் கம்பை எதிராளியின் காலடியில் வைத்துவிட்டு மூன்று வருடத்துக்கு அதைத் தொடக்கூடாது. வென்றவன் அடுத்த வருடம், தோற்ற ஊர் யாரை அனுப்புகிறதோ அவரோடு நிற்கவேண்டும். 1960இல் சரவணைக்காரர் ஒருவர் எங்கள் ஆளை விழுத்தினார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓர் ஊரின் செத்தவீட்டுக்கு மற்ற ஊர் போகவில்லை. வேலிகள் நகர்ந்தன. உமக்கும் யோகம்மாவுக்கும் பேசிய கலியாணம் பதினான்கு மாதம் அந்தரத்தில் நின்றது. அதனால்தான், உமது கலியாணத்துக்கு அடுத்த கிழமை, இனி சமனாகவே முடிப்போம் என்று நாங்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் பேசி முடிவெடுத்தோம். பதினொரு வருடமாக ஒரு முதுகிலும் மண் படவில்லை. இரண்டு ஊரும் மாறி மாறிப் பெண் எடுக்கின்றன.

இப்படியிருக்க நீர் சைக்கிளில் ஆறு கட்டை தூரம் போய் விழப் பழகுகிறீர்.

ஒருவருக்கு ஒரு வித்தை போதும். கந்தோரில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் ஒன்றாகப் பழகிய ஒருவர் இருக்கிறார். இப்போது அவர் எழுதுவதை அவராலேயே வாசிக்க ஏலாது. ஆனிவரை அந்த யப்பான் வேலையை நிறுத்திவையும். அதற்குப் பிறகு உமது விருப்பம்.

அக்கறையுள்ள,
கதிர்காமு


சரவணை.
8.4.1973

அன்பின் மச்சான்,

பதினெட்டைப் பழையபடியே வைத்துக்கொள்வோம். ஜூடோவை நிறுத்தவில்லை.

இப்போது பிடிக்கப் பழக்குகிறார். இதில்தான் எனக்குக் கம்பு குறுக்கே நிற்கிறது. பிடி என்றால் என் கால் தானாகப் பின்னுக்குப் போகிறது, கை இரண்டும் இல்லாத கம்பைத் தேடுகிறது. "என்னைப் பிடியுமெண்டால் ஏன் ஆறடி தள்ளிப் போறீர்? எனக்கென்ன அம்மையே போட்டிருக்கு?" என்று சில்வெஸ்ரர் கேட்கிறார். காலையில் கம்பு எடுத்தால் அதற்கு எதிர்மாறு. எட்ட நிற்கவேண்டிய இடத்தில் கிட்டப் போகிறேன். ஒரு மாதமாக நான் காலையில் கெட்ட சிலம்பக்காரன், பின்னேரம் கெட்ட ஜூடோக்காரன். இரண்டுக்கும் நடுவில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டும்போது மட்டும் ஒழுங்காக நிற்கிறேன்.

பழகுகிற இடம் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள மணல். பழைய பாய்த்துணி விரித்திருக்கிறார்கள். அதனால் நான் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறப்போகிறேன் என்று ஊரில் கதை. முருகேசர் வீட்டுக்கே வந்துவிட்டார். இல்லை, கட்டிப்பிடித்து விழுத்தப் பழகுகிறேன் என்றேன். அதைவிட வேதத்துக்கு மாறுவதென்றாலும் பரவாயில்லை என்றார்.

ஒன்று சொல்லவேண்டும். போன வெள்ளிக்கிழமை நான் முதல் தடவையாக நன்றாக விழுந்தேன். சில்வெஸ்ரர் காலை வாரினார். நான் யோசிக்கவில்லை. உடம்பு தானாகச் சுருண்டது, கை மண்ணை அடித்தது, எழும்பி நின்றேன். ஒன்றும் நோகவில்லை. விழுவது பெரிய வேலையில்லை மச்சான். விழச் சம்மதிப்பதுதான் வேலை. இதை உமக்குச் சொன்னால் கோபிப்பீர் என்று தெரிந்தும், சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

உமது கடைசி இருபத்துநான்கும் இன்னும் வரவில்லை.

ஆழ்வாப்பிள்ளை


வெள்ளவத்தை.
20.5.1973

மச்சான்,

இருபத்தைந்து முதல் நாற்பத்தெட்டுவரை இத்துடன். இதில் ஒரு எழுத்தும் மாற்றவேண்டாம். ஜூலை ஆறாந் திகதி ரயிலில் வருகிறேன். எட்டாந் திகதி பொங்கல்.

லீவு விண்ணப்பத்தில் வழமைபோல "சமயக் கடமை" என்று எழுதினேன். மேலதிகாரி, பன்னிரண்டு வருடமாக ஒரே கடமையா என்று கேட்டார். ஓம் என்றேன். இந்த வருடம் அதைச் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை குறைவாக இருந்தது.

உமது கடிதங்களில் முந்தி என் குடையைப் பற்றிக் கேட்பீர். இப்போது எல்லாம் சில்வெஸ்ரர் சொன்னார், சில்வெஸ்ரர் சிரித்தார். சந்தோஷம். ஆனால் மேளம் அடிக்கும்போது உமக்கு முன்னால் நிற்கப்போவது சில்வெஸ்ரர் இல்லை. கம்பு வருகிற வேகத்தில் யாரும் யாரையும் கட்டிப்பிடிக்க ஏலாது என்பதை நீர் கண்ணாலே கண்டால்தான் தெளிவீர் போலிருக்கிறது.

கதிர்காமு


வெள்ளவத்தை.
29.7.1973

அன்பின் மச்சான்,

வந்து சேர்ந்து இரண்டு கிழமையாகிறது. நீர் என்னை வழியனுப்ப பஸ்ஸடிக்கு வராததை நான் பெரிதாக எடுக்கவில்லை.

நடந்ததற்காக மனம் வருந்துகிறேன். முப்பதாவது வரைக்கும் பதினொரு வருடத்தில் இல்லாத அளவுக்கு நாங்கள் நன்றாக ஆடினோம். முப்பத்தொன்றில் நான் வீசினேன். நீர் தடுக்கவில்லை. விழுந்தீர். அதுவும் எப்படி விழுந்தீர்? தடக்கி விழுகிறவன் கை காலைப் பரத்திக்கொண்டு விழுவான். நீர் பந்துபோலச் சுருண்டு, முதுகால் விழுந்து, உள்ளங்கையால் மண்ணை ஓங்கி அடித்து, பிறகு எழும்பி நின்று சனத்தைப் பார்த்தீர். மேளகாரர் அடிப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்கள். சரவணைப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள் கை தட்டினார். அது யார் என்று எனக்குத் தெரியும்.

நான் பங்குனியிலேயே எழுதினேன், வைகாசியிலும் எழுதினேன். உமது புதிய வித்தை உமது பழைய வித்தையைக் கெடுத்துவிட்டது. உம்மை விழுத்தியது நானல்ல, அதுதான்.

புளியங்கூடலில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். வெள்ளிப் பூண் போட்ட கம்பு ஒன்று தந்திருக்கிறார்கள். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன். பத்திநாதர் அதை அறைக்குள் வைக்க விடுகிறாரில்லை.

சரவணையில் நிலைமை எப்படி?

கவலையுடன்,
கதிர்காமு


சரவணை.
26.8.1973

கதிர்காமுவுக்கு,

நிலைமை கேட்டிருந்தீர்.

நான் ஊரைப் பெண்சாதி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்பது பொது அபிப்பிராயம். தோட்டக் கிணற்றில் என்னுடைய முறை வரும்போது பங்குக்காரருக்கு ஏதோ அவசரம் வந்துவிடுகிறது. புளியங்கூடல் பெண் எடுத்த மற்ற நான்கு வீட்டிலும் குசினியில் சத்தமாம். யோகம்மாவைக் கோயிலில் ஒருத்தி கேட்டாளாம், அண்ணையின் வெற்றிக்கு என்ன பலகாரம் சுட்டனீ என்று. யோகம்மா பூசை முடியமுன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான் எல்லோரிடமும் ஒரே பதில் சொல்கிறேன்: கால் வழுக்கிவிட்டது, ஜூடோ பழகியது பிழை. முருகேசர் இதை மூன்று தரம் சொல்ல வைத்துக் கேட்டார்.

விழுந்த விதத்தைப் பற்றி நீர் எழுதியது சரி. விழுந்த அழகில் எனக்கே ஒரு திருப்தி வந்தது. எழும்பியதும் சில்வெஸ்ரரைத்தான் தேடினேன். அவர் கை தட்டுவதைக் கண்டபிறகுதான் முதுகில் மண் இருப்பது ஞாபகம் வந்தது. கம்பை உமது காலடியில் வைத்தேன். எனக்கு முப்பத்தாறு வயது. மூன்று வருடம் கழித்து அதை எடுப்பேன் என்று நான் நினைக்கவில்லை, நீரும் நினைக்கமாட்டீர்.

போன ஞாயிறு யோகம்மா அலுமாரியைத் திறந்து, சேலைக்கடியிலிருந்து உமது மே மாதக் கடிதத்தை எடுத்து வாங்குப் பலகையில் விரித்தாள். விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். அதில் இப்படி இருக்கிறது: "31. உமது இடது தோளுக்கு என் வீச்சு. நீர் கம்பை நிமிர்த்தித் தடுத்து, வலது காலைப் பின்னுக்கு எடுப்பீர்." உமது கையெழுத்து. கந்தோர்க் கையெழுத்து, வாசிக்க ஒரு கரைச்சலும் இல்லை.

நான் கம்பை நிமிர்த்தித்தான் நின்றேன் மச்சான். தோளுக்கு ஒன்றும் வரவில்லை. முழங்காலுக்கு வந்தது. முழு வேகத்தில் வந்தது. அங்கே என்னிடம் கம்பு இல்லை. எழுதியபடி நின்றிருந்தால் என் இடது முழங்கால் இப்போது இரண்டாக இருந்திருக்கும். உடம்பு என்னைக் கேட்காமலே காலை விட்டுக்கொடுத்துவிட்டு விழுந்தது.

யோகம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "அண்ணை எழுதாததை அடிச்சிருக்கிறார்" என்றாள்.

இதை நான் ஊரில் சொன்னால் கடிதத்தைக் காட்டவேண்டும். கடிதத்தைக் காட்டினால் பதினொரு வருடத்தையும் காட்டவேண்டும். ஆகவே என் கால் வழுக்கியபடியே இருக்கட்டும். உம்மிடம் உள்ள பிரதியில் முப்பத்தொன்று என்னவென்று பார்த்து எழுதும். அது மட்டும் போதும்.

ஆழ்வாப்பிள்ளை


வெள்ளவத்தை.
16.9.1973

அன்பின் மச்சான்,

உமது கடிதம் கிடைத்தது. என்னிடம் பிரதி இல்லை. எரித்துவிட்டேன். எரிக்கவேண்டும் என்று உமக்கும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அன்று பின்னேர வெயில் என் கண்ணுக்கு நேராக இருந்ததை நீர் கணக்கில் எடுக்கவில்லை. குடையில் பழகிய கைக்குக் கம்பு பாரம். தோளுக்குப் போகிற வீச்சு சிலவேளை இறங்கிவிடும். இதற்கெல்லாம் யோகம்மா அலுமாரியைக் கிண்டி விசாரணை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கூடப் பிறந்தவள் நடக்கிற முறை இதல்ல.

நீர் விழாமல் குதித்திருக்கலாம். முந்தியென்றால் குதித்திருப்பீர்.

பதில் போடும்.

கதிர்காமு


வெள்ளவத்தை.
13.1.1974

அன்பின் மச்சானுக்கு,

நான்கு மாதமாக உமது கடிதம் இல்லை. நான் புரட்டாதியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று எழுதினேன், தீபாவளிக்கு ஒரு தந்தியும் அடித்தேன். யோகம்மாவுக்கு அனுப்பிய சேலை திரும்பி வந்தது, அவள் கையாலேயே முகவரி எழுதி. நாளைக்குப் பொங்கல். பேக்கரி வாசலில் பாண் வரிசையில் நின்றுதான் இதை மனதில் எழுதினேன். காலை ஐந்து மணிக்கு நின்றால் எட்டு மணிக்குப் பாதிப் பாண். யோசிப்பதற்கு இந்த அரசாங்கம் நிறைய நேரம் தருகிறது.

ஊரிலிருந்து செய்தி வந்தது. ஆனிப் பொங்கலுக்கு எனக்கு எதிராகச் சரவணை நாகமுத்துவை அனுப்புகிறதாம். அவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. லொறியில் வெங்காய மூட்டை ஏற்றுகிறவர். இரண்டு மூட்டையை ஒரே தோளில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைப்பார். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. நான் ஒரு மனிதனுக்கு எதிராக, அவர் என்ன செய்வார் என்று தெரியாமல், கடைசியாக நின்றது 1961இல். எனக்குத் தலையிடி, வயிற்றுப் புண் எல்லாம் உண்டென்று டாக்குத்தரிடம் துண்டு வாங்கி அனுப்பினேன். புளியங்கூடல்காரர் அதைக் கிழித்துவிட்டு, வராவிட்டால் ஊருக்கே வெட்கம் என்று எழுதியிருக்கிறார்கள்.

நீர் நாகமுத்துவோடு பேசிப் பார்க்க ஏலுமா? நாற்பத்தெட்டு வேண்டாம், இருபது போதும். நானே எல்லாவற்றையும் எழுதி அனுப்புவேன்.

இதைக் கேட்பதற்கு முன் எழுதியிருக்கவேண்டியதை இப்போது எழுதுகிறேன். முப்பத்தொன்று தோள்தான். பிரதி என் மேசை லாச்சியில் இருக்கிறது. வெயில் கண்ணில் படவில்லை. கம்பும் இறங்கவில்லை.

மாசியிலிருந்து உமது கடிதங்களை வாசித்தேன். எங்கள் ஆட்டம் உமக்குச் சலித்துவிட்டது என்று விளங்கியது. அன்று நீர் எனக்கு முன்னால் நின்ற விதம் அமைதியாக, வேறு யாரிடமோ கற்றுக்கொண்ட விதமாக இருந்தது. பதினொரு வருடத்தில் ஒரு தரமாவது, அடுத்து நான் என்ன செய்வேன் என்று உமக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்று பட்டது. நீர் பயந்து குதிப்பீர் என்று நினைத்தேன். முழங்கால் உடையும் என்று நினைக்கவில்லை. அதை நினைக்காமலே வீசினேன் என்பதுதான் சரி.

பதில் இல்லாவிட்டாலும் குறை சொல்லமாட்டேன்.

கதிர்காமு


சரவணை.
3.2.1974

அன்பின் மச்சானுக்கு,

உமது கடிதம் வந்தது. யோகம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். சேலையைத் திரும்பவும் அனுப்பச் சொல்கிறாள். நிறம் பிழை என்பதால்தான் அனுப்பினாளாம். இதை நான் நம்பவில்லை, நீரும் நம்பவேண்டாம், ஆனால் அனுப்பும்.

லாச்சியில் இருக்கிற பிரதியை அடுப்பில் போடும். இங்கே உள்ளவற்றை நேற்று யோகம்மா அடுப்பில் போட்டுவிட்டாள், உமது மே மாதக் கடிதத்தைத் தவிர. அதை ஏன் வைத்தாய் என்று கேட்டேன். அண்ணையின் கையெழுத்து வடிவு என்றாள்.

நாகமுத்துவோடு பேசினேன். வளைத்து வளைத்துப் பேசினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "சண்டையை ஏன் அண்ணை எழுதவேணும்?" என்றார். இருபத்தைந்து வயதில் எனக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கவேண்டும். அவர் எழுதப்போவதில்லை. வாசிக்கப்போவதுமில்லை. வருவார், வீசுவார். எங்கே வீசுவார் என்று அவருக்கே தெரியாது.

நான் இனிக் கம்பு தொட ஏலாது. வழக்கம் அப்படி. ஆகவே சிலம்பத்தில் உமக்கு என்னால் ஒரு உதவியும் இல்லை. நாகமுத்துவை நீர் வெல்லமாட்டீர். வென்றாலும் தப்பு, இரண்டு தரம் தோற்ற சரவணையில் யாரும் உறங்கமாட்டார்கள். உமக்கு இருப்பது ஒரே வழி. நீர் விழவேண்டும். முதுகில் மண் படவேண்டும். அப்போது ஊருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, பழையபடி சமன். கிணற்றில் என் முறை திரும்பி வரும். உமது எலும்பு முறியாமல் அந்த விழுகையை எப்படி விழுவது என்பதுதான் கேள்வி. அதைத்தான் நான் ஒரு வருடமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

லீவை ஒரு மாதம் முந்தி எடும். மேலதிகாரி கேட்டால் சமயக் கடமை என்று சொல்லும், பழகுகிற இடம் மாதா கோயிலுக்குப் பின்னால்தான். தடித்த துணிச் சட்டை இரண்டு கொண்டுவாரும். பூண் போட்ட கம்பைப் பத்திநாதரிடம் விட்டுவிட்டு வாரும். மூன்று மாதம் விழப் பழக்கவேண்டியதை ஒரு மாதத்தில் முடிக்கலாமா என்று சில்வெஸ்ரரிடம் கேட்டேன். கந்தோர் ஆள் என்றால் முதல் ஒரு கிழமை அவர் விழச் சம்மதிக்கமாட்டார், பிறகு பார்ப்போம் என்றார்.

நான் எழுதாததை அடிக்கிற ஆள் அல்ல. ஆகவே முன்கூட்டியே அறிவிக்கிறேன். முதல் நாள் உம்மை விழுத்தப்போவது சில்வெஸ்ரர் இல்லை, நான். என் வலது கை உமது சட்டைக் கழுத்தில். இடது கை உமது வலது முழங்கைச் சட்டையில். என் வலது கால் உமது வலது காலுக்குப் பின்னால். நீர் முதுகால் விழுவீர். நாடியை நெஞ்சில் ஒட்டிவைத்திரும்.

இதில் ஒரு எழுத்தும் மாற்றவேண்டாம்.

ஆழ்வாப்பிள்ளை